விதியும் நெறியும்: ஜான் டூயியின் அறவியல் பம்பாய் வழித் தமிழுக்கு வந்த வரலாறு

மேலைநாட்டு மெய்யியல் தமிழுக்கு வந்து சேர்ந்த வழிகளைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளையே சுட்டுவர். ஒன்று, கல்லூரிப் பாடநூல்களும் அவற்றிற்கெனத் தொகுக்கப்பெற்ற கலைச்சொற் பட்டியல்களும் அமைத்த வழி. மற்றொன்று, வெ. சாமிநாத சர்மா போன்றோர் பொதுவாசகர்க்கென எழுதிய நூல்களின் வழி. 'பிளாட்டோவின் அரசியல்', 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் பெயர்களில் பிளேட்டோவும் ரூசோவும் தமிழ்வீடுகளுக்குள் நுழைந்தது அவ்வழியில்தான். இவ்விரண்டிற்கும் புறம்பாக மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது பம்பாயிலிருந்து ஈரோட்டிற்கு வந்த வழி. அவ்வழி வந்தவர் அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி (1859–1952). அவர் பெரும்பாலும் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை. அம்பேத்கரின் வாதத்திற்குள் கரைந்து வந்தார். அதனாலேயே மொழிபெயர்ப்பு வரலாற்றில் அவர் வருகை போதிய கவனம் பெறவில்லை எனலாம்.

டூயியின் மூன்று கருத்துகள் இவ்வழியில் தமிழை எதிர்கொண்டன. அவற்றுள் ஒன்றற்குத் தமிழில் சொல் இல்லை. ஒன்றற்கு இருந்த சொல் கருத்தையே மறுத்தது. ஒன்றற்குச் சொற்கள் மிகுதியாக இருந்தன. மொழிபெயர்ப்பாளர்க்கு மிகுந்த இடர் விளைப்பது மூன்றாவதே என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

நியூயார்க்கும் தாதரும்

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்ற அம்பேத்கர், 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கு டூயி மெய்யியல் பேராசிரியராக இருந்தார்; அவருடைய வகுப்புகளில் அம்பேத்கர் அமர்ந்தார். டூயியும் டஃப்ட்ஸும் சேர்ந்து எழுதிய 'அறவியல்' என்னும் பாடநூல் 1908இல் வெளிவந்திருந்தது. 'சனநாயகமும் கல்வியும்' என்னும் நூல் 1916இல் வெளிவந்தது. பின்னதன் படி ஒன்று, அம்பேத்கர் இட்ட குறிகளோடு, அவர் நிறுவிய மும்பை சித்தார்த்தா கல்லூரியின் நூலகத்தில் பேணப்பட்டு வருகிறது. அருண் முகர்ஜி 2009இலும் ஸ்காட் ஸ்ட்ரவுட் 2023இலும் வெளியிட்ட ஆய்வுகள், டூயியின் தொடர்கள் அம்பேத்கரின் எழுத்தில் எவ்விடங்களில் எவ்வாறு திரிந்து வருகின்றன என்பதை ஆராய்ந்துள்ளன. ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்திற்கு நிகழ்ந்த இப்பெயர்வே ஒருவகை மொழிபெயர்ப்பு என்று கொண்டால், தமிழ்ப்பெயர்ப்பு அதன் இரண்டாம் கட்டமாகும்.

லாகூரின் சாதி ஒழிப்புச் சங்கமாகிய 'ஜாத் பாத் தோடக் மண்டல்' தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டிற்கு அம்பேத்கரைத் தலைமை தாங்க அழைத்தது. எழுதி அனுப்பப்பட்ட உரையைக் கண்ட மண்டலத்தார் சில பகுதிகளை நீக்க வேண்டினர். அவர் ஒரு காற்புள்ளியையும் மாற்ற இசையவில்லை, மாநாடு கைவிடப்பட்டது. தாதர் இந்து காலனியில் உள்ள 'ராஜகிருகம்' இல்லத்தில் வாழ்ந்துவந்த அம்பேத்கர், அவ்வுரையை 1936 மே மாதம் தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டு மாதங்களில் அவை தீர்ந்தன.

1937இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரை மொழிபெயர்ப்பு வரலாற்றிற்கு அரிய செய்தி ஒன்றைத் தருகிறது. அந்நூல் குசராத்தியிலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டுவிட்டது; மராத்தி, இந்தி, பஞ்சாபி, மலையாளம் ஆகியவற்றில் பெயர்க்கப்பட்டு வருகிறது என்கிறார் அம்பேத்கர். தாதரில் எழுதப்பட்ட நூல் மராத்திக்கு முன் தமிழுக்கு வந்துவிட்டது. ராஜகிருகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழர், தம் மராத்தி அண்டைவீட்டாருக்கு முன்பே அதனைத் தம் மொழியில் படிக்கும் வாய்ப்பைப் பெற்றிருந்தனர். இதற்குக் காரணம் பெரியார். ஈரோட்டில் 1925இல் தொடங்கப்பெற்ற 'குடி அரசு' இதழின்வழி அவ்வுரை தமிழில் வெளிவந்து, 'ஜாதியை ஒழிக்க வழி' என நூலாயிற்று. பெரியாரும் அம்பேத்கரும் பம்பாயில் சந்தித்துப் பேசியது அதன்பின், 1940 சனவரியில்.

தமிழ்த்தலைப்பே ஆராயத்தக்கது. ஆங்கிலத் தலைப்பு ஒரு செயலை மட்டும் பெயர்த்தொடராகச் சொல்கிறது. யார், எவ்வாறு, எப்போது என்பன அதில் இல்லை. தமிழ்த்தலைப்பு 'வழி' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. நோயைக் கூறும் நூல் மருந்தைக் கூறும் நூலாகிவிட்டது. இதனைப் பிழை என்பதற்கில்லை. கருத்துப்பெயரைத் தலைப்பில் நிறுத்துவதிலும் வினையை நிறுத்துவதே தமிழ்த் துண்டுவெளியீடுகளின் மரபு. ஆயினும் மூலத்தில் இல்லாத ஓர் உறுதிமொழியைத் தலைப்பு வாசகர்க்கு அளித்துவிடுகிறது என்பதும் உண்மை.

சொல் இல்லாத கருத்து

ஒரு நல்ல சமூகத்தில் ஒரு பகுதியில் தோன்றும் மாற்றம் ஏனைய பகுதிகளுக்கும் எட்ட வேண்டும்; குழுக்களிடையே நலன்களும் பட்டறிவும் தடையின்றிச் சென்றுவர வேண்டும் என்பது அவ்வுரையின் நடுப்பகுதியில் வரும் வாதம். இதற்கு அம்பேத்கர் ஆளும் சொல் 'எண்டாஸ்மாசிஸ்'. பிரெஞ்சு உடலியல் அறிஞர் துத்ரோசே 1820களில் ஆக்கிய சொல் இது. மென்படலத்தின் ஊடே நீர்மம் உட்செல்வதைக் குறித்தது. 1889இல் பெர்க்சன் இதனை உளத்தின் நிலைகளுக்கு ஏற்றிச் சொன்னார்; 1916இல் டூயி, உரிமை பெற்ற வகுப்பு, அடங்கிய வகுப்பு என்னும் பிரிவு சமூகத்தில் இவ்வூடுபரவலைத் தடுக்கிறது என்றார். அம்பேத்கர் 1919இல் சவுத்பரோ குழுவின்முன் அளித்த சான்றுரையிலேயே இச்சொல்லை ஆண்டுவிட்டார்.

தமிழ்நாட்டு அறிவியல் நூல்கள் இன்று இதனோடு ஒத்த நிகழ்வைச் 'சவ்வூடு பரவல்' என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'பிரசாரணம்' என்கின்றன. பின்னது சமூகவியல் கட்டுரையில் வந்தால் தமிழ்நாட்டு வாசகர் பிரசாரம் என்று மயங்கக்கூடும். மொழிபெயர்ப்பாளருக்கு எளிதாகக் கைக்கு வருவது 'கலப்பு' என்னும் சொல். அதுவே இங்கு ஆபத்தானது. தமிழ்ச் சமூக உரையாடலில் கலப்பு என்றவுடன் கலப்பு மணமே எண்ணத்தில் எழும். அம்பேத்கர் கலப்பு மணத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் அது பின்னர் வரும் தனி வாதம். படலம் உண்டு, அதன் ஊடே செலவும் உண்டு என்பதே உருவகத்தின் உயிர். குழுக்கள் இருக்கலாம், அவற்றினிடையே கருத்தும் பட்டறிவும் ஊடாட வேண்டும். சாதி என்பது அப்படலம் சுவராக இறுகிய நிலை. 'சமூகக் கலப்பு' என்று பெயர்த்தால் இரண்டு வாதங்களும் ஒன்றாகி, முதல்வாதம் காணாமற் போகும். 'ஊடுபரவல்' புதிதாக ஒலிக்கலாம். ஆங்கில வாசகருக்கும் அச்சொல் புதிதாகவே ஒலித்தது. புதுமையை வழக்குச்சொல்லால் மழுக்குவது மொழிபெயர்ப்பாளரின் கடமை ஆகாது.

தன்னையே மறுக்கும் தொடர்

இரண்டாவது, சனநாயகம் பற்றியது. அது அரசாங்கத்தின் ஒரு வடிவம் மட்டும் அன்று. கூடி வாழ்வதன் முறை, பகிர்ந்துகொள்ளப்படும் பட்டறிவின் முறை என்பது டூயியின் கருத்து. அம்பேத்கர் அதனை ஏறத்தாழ அவ்வாறே எடுத்துக்கொள்கிறார். தமிழில் இதனைச் சொல்ல முனைந்தால் 'மக்களாட்சி என்பது வெறும் ஆட்சிமுறை அன்று' என்னும் தொடர் வந்து நிற்கிறது. எழுவாயிலேயே ஆட்சி இருக்கப் பயனிலை அதனை மறுக்கிறது. 'குடியாட்சி'க்கும் இதே நிலை. தனித்தமிழ் ஆக்கங்கள் கிரேக்கச் சொல்லின் உறுப்புகளை நேராகப் பெயர்த்ததன் விளைவு இது. கிரேக்கத்திலும் ஆட்சி உண்டே எனின், ஆங்கிலத்தில் அவ்வுறுப்பு மங்கிப்போய்விட்டது, தமிழில் இன்னும் விழித்திருக்கிறது. இவ்வொரு சூழலில் 'சனநாயகம்' என்னும் வடசொல்லே நன்று. அதனுள்ளும் 'நாயகன்' ஒளிந்திருக்கிறான். ஆனால் தமிழ்ச்செவிக்கு அவன் அத்துணை உரக்கப் பேசுவதில்லை.

விதியும் நெறியும்

உரையின் இறுதிப்பகுதியில் அம்பேத்கர் சமயத்தைப் பற்றி ஒரு வேறுபாட்டை நாட்டுகிறார். அதன் வேர் டூயி, டஃப்ட்ஸ் ஆகியோரின் 'அறவியல்' நூலில், பொதுவிதிகள் அறவாழ்வில் பெறும் இடத்தை ஆராயும் பகுதியில் உள்ளது. அங்குக் கூறப்படுவதன் சாரம் இது. ஒன்று, இன்ன சூழலில் இன்னது செய் என்று முன்னரே வகுத்து வைத்த கட்டளை. அது பழக்கத்தால் நடைபெறுவது. மற்றொன்று, எதிர்ப்பட்ட சூழலை எந்நோக்கில் ஆராய்வது என்று காட்டும் கருவி. அது அறிவால் நடைபெறுவது. முன்னது செயலைத் தருகிறது. பின்னது செயலைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தருகிறது. டூயிக்கு இது பாடநூல் வேறுபாடு. அம்பேத்கர் அதில் தம் கூற்றைச் சேர்த்தார். பின்னதைப் பின்பற்றியவன் தவறிழைத்தாலும் அது அவன் அறிந்து பொறுப்பேற்ற செயல். முன்னதைப் பின்பற்றியவன் சரியாகவே செய்தாலும் அது பொறியின் செயல். இந்துக்கள் சமயம் என்பது பின்னதன் வகையன்று, ஏவலும் விலக்கும் கொண்ட சட்டத்தொகுதியே என்பது அவர் முடிவு. 1927 திசம்பர் 25 அன்று மகாடில் மனுநூலை எரித்த கூட்டத்தின் தலைவர், அச்செயலின் மெய்யியல் காரணத்தை 1936இல் எழுதிவைத்தார் எனலாம்.

இவ்விரண்டனுள் முன்னதற்கு 'விதி' என்னும் சொல் தடையின்றிக் கிடைக்கிறது. கிடைப்பதோடு மிகுதியாகவும் தருகிறது. மீமாம்சையில் விதி என்பது வேதத்தின் ஏவல். அதன் இணை விலக்கு. பேச்சுவழக்கில் விதி என்பது ஊழ். மொழியியலார்க்கோ விதி என்பது கட்டளையே அன்று. மொழியில் நிகழ்வதன் விவரிப்பு. நன்னூலார் முதலியோரிடம் விதியும் புறனடையும் இணைந்தே நிற்கின்றன. ஏவல், ஊழ் என்னும் இரு பொருள்களும் அம்பேத்கரின் வாதத்திற்குத் தீங்கு செய்வதில்லை; உதவியே செய்கின்றன.

இடர் பின்னதில்தான். இன்றைய வழக்கில் முதலில் வந்து நிற்பது 'கொள்கை'. கொள் என்னும் வினையடியாகப் பிறந்தது; கைக்கொள்ளப்பட்டது. கட்சியின் கொள்கை, அரசின் கொள்கை விளக்கக் குறிப்பு, கொள்கைப் பிடிப்பு என்னும் வழக்குகளை நோக்கினால், பிடித்த பிடி விடாமையே அதன் சிறப்பாகக் கருதப்படுவது தெரியும். ஆராய்ந்து பார்க்கும் கருவியைப் பிடிவாதத்தின் பெயரால் அழைத்தால், வாசகர் அதனை மற்றொரு விதியாகவே கொள்வார். 'கோட்பாடு' அறிவியல், இலக்கியத் திறனாய்வு ஆகியவற்றின் உடைமையாகிவிட்டது. அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியைப் பாடநூல்கள் 'அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள்' என்று வழங்குகின்றன. மூலத்தில் இருவேறாக நின்ற சொற்கள் இத்தொடரில் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதைக் கண்டுபிடிக்க வாசகர் சற்றே திணற வேண்டும்.

மும்பைத் தமிழர்க்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதல் கல்யாணைக் கடந்து அம்பர்நாத் வரை இருப்புப்பாதைகளை ஒட்டி வாழும் தமிழர் வீட்டில் தமிழும் வெளியில் மராத்தியும் இந்தியும் பேசுவோர். மராத்தியில் இவ்வேறுபாடு 'நியம்', 'தத்வ' என்னும் இணையாக எளிதில் அமைந்துவிடுகிறது. அங்கிருந்து தமிழுக்கு வருபவர் 'நியமம்', 'தத்துவம்' என்று எழுதத் தூண்டப்படுவர். தமிழில் நியமம் நாள்தோறும் செய்யும் வழிபாட்டு ஒழுங்கையும் தத்துவம் மெய்யியலையும் குறிக்கும். சைவ சித்தாந்தத்தில் தத்துவங்கள் முப்பத்தாறு. ஒலி ஒத்திருந்தும் பொருள் பிரிந்துபோன இத்தகைய சொற்கள், சொல்லே இல்லாத இடங்களைக் காட்டிலும் அதிகம் ஏமாற்றுகின்றன.

எஞ்சியவை 'அறம்', 'ஒழுக்கம்', 'நெறி' என்னும் பழஞ்சொற்கள். இவற்றை ஆளுமுன் மொழிபெயர்ப்பாளர் பரிமேலழகரைப் பார்த்தாக வேண்டும். குறளுக்கு எழுதிய உரைப்பாயிரத்தில் அவர், மனு முதலியோர் நூல்களில் செய்க என்றவற்றைச் செய்வதும் தவிர்க என்றவற்றைத் தவிர்ப்பதுமே அறம் என்கிறார். பின்னர் அதனை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்து, ஒழுக்கத்தை வருணத்தார் தத்தம் நிலைக்கு விதிக்கப்பட்டவற்றில் வழுவாது நிற்றல் என விளக்குகிறார். டூயியின் பகுப்பில் இது முற்றிலும் விதியின் பக்கம் நிற்பது. அம்பேத்கர் எதை மறுத்தாரோ அதன் வரையறையே தமிழில் 'அறம்', 'ஒழுக்கம்' என்னும் சொற்களுக்கு உரையாகப் பதிந்து கிடக்கிறது. 'சமயம் ஒழுக்கத்தின் அடிப்படையில் அமைய வேண்டும்' என்று பெயர்ப்பவர், அவ்வுரைமரபில் தோய்ந்த வாசகருக்கு மூலத்தின் நேர்மாறான செய்தியைக் கொடுத்துவிடக்கூடும். 'அறவியல்' என்றும் 'ஒழுக்கவியல்' என்றும் ஒரே துறைக்கு இரு பெயர் வழங்குவதை வெறும் சொல்விருப்பாகக் கொள்வது பொருந்தாது. ஒழுகு என்னும் வினையடி, வழிவழி வந்த நடையைச் சுட்டுவது. டூயியும் டஃப்ட்ஸும் தம் நூலின் தொடக்கத்தில், கிரேக்க, இலத்தீன் மூலச்சொற்கள் வழக்கத்தைக் குறித்தவை என்று காட்டிவிட்டு, வழக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்கு அறம் நகர்ந்த வரலாற்றைக் கூறுகின்றனர். தமிழில் அந்நகர்வுக்கு 'ஒழுக்கம்' தொடக்கப்புள்ளியைக் குறிக்கலாம். முடிவைக் குறிக்க இயலாது.

ஆயினும் உரையும் மூலமும் ஒன்றல்ல. குறளின் 'அறன் வலியுறுத்தல்' அதிகாரம் அறத்தை நூல்விதியில் வைக்கவில்லை. உள்ளத்தின் மாசின்மையில் வைக்கிறது. 'வாய்மை' அதிகாரம் இன்னும் தெளிவானது. பொய் கூறாதே என்பது விதி. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று அவ்வதிகாரம் கொள்வது, தீங்கின்மை என்னும் நோக்கிலிருந்து விதியை அளப்பதாகும். 1797இல் எழுதிய கட்டுரையில் கான்ட், கொல்ல வருபவன் கேட்டாலும் நண்பன் இருக்குமிடம் குறித்துப் பொய் சொல்லலாகாது என்றார். கான்ட்டையும் குறளையும் அருகருகே வைத்துப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு டூயியின் வேறுபாடு பாதி விளங்கிவிடும். எனவே தமிழில் இக்கருத்து இல்லை என்பதற்கில்லை. கருத்து மூலத்தில் உள்ளது. சொல்லை உரை வேறிடத்திற்குக் கொண்டுபோய்விட்டது.

இந்நிலையில் பொருத்தமாகத் தோன்றுவது 'நெறி'. அது வழி. வழி இருப்பது நடப்பவன் எங்கும் செல்லலாம் என்பதற்காக அன்று. ஆயினும் அடியெடுத்து வைப்பது அவன் பொறுப்பு. சைவநெறி, சமணநெறி எனச் சமயத்தையும் அது குறித்துவந்தமையால், சமயம் விதிகளாலன்றி நெறியால் ஆகவேண்டும் என்னும் அம்பேத்கரின் தொடர் தமிழில் இயல்பாக அமைகிறது. 'நெறிமுறை' என்று நீட்டினால் மட்டும் கெட்டுவிடும். அலுவலகச் சுற்றறிக்கையின் 'வழிகாட்டு நெறிமுறைகள்' மீண்டும் விதிகளே. ஆராய்தல் என்னும் கூற்றைக் காட்டக் குறளின் 'தெரிந்து செயல்வகை' என்னும் அதிகாரப் பெயர் வழிகாட்டும். 'தெரிந்து செயல்படுதற்குரிய நெறி' என முதலில் ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டுப் பின்னர் 'நெறி' என்று சுருக்கலாம். அதே நூலில் பிற இடங்களில் அதே ஆங்கிலச் சொல் 'கொள்கை' எனப் பெயர்க்கப்படுவதில் தடையில்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்னும் கலைச்சொற்குழுக்களின் ஒழுங்கு இயற்பியலுக்குப் பொருந்தும். இங்குக் காக்கப்பட வேண்டியது சொல் அன்று, இணை.

உடன்பிறப்பு, மைத்ரி, தம்மம்

பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று சொற்களுள் மூன்றாவது, தமிழில் 'சகோதரத்துவம்' என்றும் 'உடன்பிறப்புணர்வு' என்றும் வழங்குகிறது. மராத்தியில் அரசமைப்பு முகப்புரையின் சொல் 'பந்துதா'. இலத்தீன் மூலம் ஆண்மகனாகிய உடன்பிறந்தானை மட்டும் குறிப்பது. தமிழ் 'உடன்பிறப்பு' தமக்கையையும் தங்கையையும் அடக்குவது; அவ்வகையில் மூலத்தினும் அகன்றது. ஆனால் ஒருவயிற்றுப் பிறப்பு என்பதை அது விடவில்லை. சகோதர என்னும் வடசொல்லின் பகுப்பும் அதுவே. பிறப்பால் அமைந்த பிரிவை ஒழிக்க வந்த சொல், பிறப்பையே உவமையாக்கிக்கொண்டு நிற்கிறது.

அம்பேத்கர் இதனை உணர்ந்தவராகவே காணப்படுகிறார். 1954 அக்டோபர் 3 அன்று அனைத்திந்திய வானொலியில் ஆற்றிய உரையில், இம்மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, புத்தரின் போதனையிலிருந்தே பெற்றதாகக் கூறினார். பின்னாளைய எழுத்துகளில் மூன்றாவது சொல்லின் இடத்தில் 'மைத்ரி' வந்தமர்கிறது. தமிழில் இதற்கு ஒப்பான நகர்வு குறளின் வைப்புமுறையிலேயே உண்டு. தொடர்புடையார்மேற் செல்லும் அன்பை இல்லறவியலிலும், எல்லா உயிர்மேலும் செல்லும் அருளைத் துறவறவியலிலும் வள்ளுவர் வைத்தார். மைத்ரியை 'அருள்' எனப் பெயர்க்கலாம் எனின், அருளுக்கு இறைவன் என்னும் எழுவாய் பக்தி இலக்கியத்தால் ஏற்பட்டுவிட்டது. மேலிருந்து கீழ் வருவதாகவும் அது ஆகிவிட்டது. சமநிலையில் நிற்போரிடை நிகழ்வதற்கு 'நேயம்' ஓரளவு ஒக்கும்.

டூயி 1952 சூன் 1 அன்று மறைந்தார். நான்கு நாள் கழித்து, சூன் 5 அன்று, கொலம்பியாப் பல்கலைக்கழகம் அம்பேத்கருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. ஆசிரியரைக் காணும் ஆவலோடு சென்றவர் அவரைக் காண இயலவில்லை. அம்பேத்கரின் கடைசி நூல் அவர் மறைவுக்குப்பின் 1957இல் வெளிவந்தது. அதனைத் தமிழாக்கிய பெரியார்தாசன் 'புத்தரும் அவர் தம்மமும்' என்று பெயரிட்டார். புத்தரின் போதனைக்கு 'அறம்' என்னும் சொல்லை மணிமேகலை நெடுங்காலத்திற்கு முன்பே ஆண்டிருக்கிறது. அச்சொல் கையருகே இருந்தது. தமிழாக்கமோ அதனை எடுக்காமல் பாலிச் சொல்லை அப்படியே நிறுத்திக்கொண்டது.